நாலு வயதும் ஆறு வயதும் தாங்களே செய்து விளையாட என்ன பொம்மை சொல்வீங்க?

திருப்பூர் அம்மிணி:

வணக்கங்க. பையனுக்கு ஆறு வயது, பொண்ணுக்கு நாலு. முழுப் பரீட்சை லீவு விட்டாச்சு. கடையில் வாங்கித் தந்த பேட்டரி கார் அரை நாளில் சலித்துவிடுகிறது, பட்டனை அமுக்குவதைத் தவிர அதில் அவர்களுக்கு வேறு வேலையே இல்லையே. யூடியூபில் தேடினால் க்ளூ கன், ஜிகினாத் தாள், ஐஸ் குச்சி என்று வருகிறது, அதிலும் முக்கால்வாசி வேலையை அம்மாதான் செய்ய வேண்டும். அவர்கள் கையாலேயே செய்து, செய்த கையோடு தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி ஏதாவது வேண்டும். இங்கே நாங்கள் இருப்பது லைன் வீடு, பொது வாசல். அடுத்த வாரம் தாராபுரம் பக்கம் அப்புச்சி தோட்டத்துக்குப் போகிறோம், அங்கே பனை, தென்னை, பூவரசு எல்லாம் உண்டு. இரண்டு இடத்துக்கும் சொல்லுங்க. சின்னவள் எதைப் பார்த்தாலும் வாயில் வைப்பாள், அதையும் யோசித்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

காங்கயம் காட்டுக்காரர்:

சித்திரையில் போகிறீங்கன்னா கண்ணை மூடிக்கொண்டு நுங்கு வண்டிதாங்க. நுங்கைத் தோண்டித் தின்றபின் ஒரே அளவில் இரண்டு காய் எடுத்துவைக்கச் சொல்லுங்க, அதைத் தேடிப் பொறுக்குவதே சின்னவளுக்கு நல்ல வேலை. ஒரு முழத்துக்குக் குறைவாக உறுதியான குச்சி ஒன்று, அதன் இரண்டு முனையிலும் காயின் நடுவில் குத்தி ஏற்ற வேண்டும். துளை போடுவது மட்டும் பெரியவங்க வேலை, அரிவாள் பிள்ளைங்க கைக்குப் போக வேண்டாம். காய் குச்சியில் இறுக்கமாக நிற்கணும், ஆடினால் வண்டி கோணலாக ஓடும். அப்புறம் பையனின் நெஞ்சு உயரத்துக்குக் கவட்டைக் குச்சி ஒன்று வெட்டி, கவட்டையை அச்சின் மேல் வைத்துத் தள்ளினால் சக்கரமும் அச்சும் சேர்ந்தே உருளும். பச்சைக் காய் கனமாக இருப்பதால் மண்தடத்தில் நல்லா பிடித்து ஓடும். நாலைந்து நாளில் காய்ந்து சுருங்கும், அதற்குள் அடுத்த குலை இறங்கிவிடும்.

பனையோலைக் காற்றாடியும் பையனுக்கு வரும். ஓலையில் விரல் அகலத்துக்கு இரண்டு துண்டு கிழித்து, ஒன்றுக்குள் ஒன்றை மடித்துக் கோத்துச் சிலுவையாக்கி, நடுவில் வெள்வேலான் முள்ளைக் குத்தி, முள்ளின் நுனியைச் சோளத்தட்டில் செருக வேண்டும். சுற்றவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், ஓலையில் இருக்கும் துளை முள்ளை இறுக்கிப் பிடித்திருக்கும். முள்ளைக் கொஞ்சம் ஆட்டித் துளையைப் பெரிசாக்கினால் போதும். நாலு இறக்கையும் ஒரே பக்கமாகச் சற்றுத் திரும்பியிருக்கணும், தட்டையாக இருந்தால் காற்று அதைத் தள்ளாது. காற்றை எதிர்த்து ஓடச் சொல்லுங்க. முள் இருப்பதால் இது பெரியவனுக்கு மட்டும், அவனும் ஓடும்போது முள்நுனி தட்டை விட்டு வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்க.

பொள்ளாச்சி தென்னந்தோப்பு:

தென்னோலையில் வாட்ச், மோதிரம், கண்ணாடி. ஈர்க்கை உரித்துவிட்டால் நாலு வயதுக்கும் பயமில்லை. ஓலை பச்சையாக இருக்கணும், காய்ந்தது மடித்தால் ஒடியும்.

கோபி டீச்சர்:

பால்வாடியில் நெடுங்காலம் இருந்தவள் என்பதால் முதலில் சின்னவளைப் பற்றிச் சொல்கிறேன். தோட்டத்தில் அவள் கைக்கு எட்டும் விதைகளைப் பாருங்க. குன்றிமணி சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும், ஆனால் மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு, காட்டாமணக்கு, மஞ்சள் அரளிக்காய் எல்லாமே விஷம்தான். காட்டாமணக்குப் பாலில் குமிழி ஊதுவது நம்ம பக்கம் பழைய விளையாட்டு, அதை இவளுக்குக் காட்டவே வேண்டாம். விதை வைத்து விளையாட வேண்டுமென்றால் புளியங்கொட்டை கூடப் பெரியவனுக்குத்தான், அவளுக்கு அது தொண்டையில் அடைக்கிற அளவு.

அவளுக்குப் பூவரசு இலைப் பீப்பி கொடுங்க. இலையை இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையை விரலால் நசுக்கித் தட்டையாக்கி, அந்தப் பக்கம் ஊதணும். தட்டையான இரண்டு ஓரமும் அதிர்ந்துதான் சத்தம் வருகிறது, நாதஸ்வரத்தின் சீவாளியிலும் இதேதான் நடக்கிறது.

லைன் வீட்டுக்குத் தீப்பெட்டி டெலிபோன் போதும். உள்பெட்டி இரண்டு எடுத்து, அடியில் ஊசித்துளை போட்டு நூலை நுழைத்து, மருந்து கிள்ளிய தீக்குச்சித் துண்டில் முடிந்துவிட்டால் நூல் உருவாது. நூல் தொய்ந்தால் கேட்காது, வழியில் தூணிலோ சுவரிலோ உரசினாலும் கேட்காது. இதை நீங்களாகச் சொல்லாதீங்க. இருவரும் கத்திக் கத்திப் பார்த்துவிட்டுத் தானாகவே பின்னால் நகர்ந்து நூலை இழுப்பார்கள், அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்கணும்.

இன்னும் வேண்டுமென்றால் அரவிந்த் குப்தா என்று தேடுங்க. கான்பூர் ஐஐடியில் படித்தவர், 2018ல் பத்மஸ்ரீ வாங்கியவர். தூக்கிப்போடும் பொருட்களில் செய்கிற விளையாட்டுச் சாமான்களை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறார்.

சோமனூர் தறி:

திருப்பூரில் இருந்துகொண்டு பனியன் வேஸ்ட் இருப்பதை யாருமே சொல்லலையே! கட்டிங் வேஸ்ட் துணியை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் ஓரம் தானாக உள்ளே சுருண்டு கயிறாகிவிடும். பின்னல் துணி என்பதால்தான் அப்படி, தறித் துணியில் இது நடக்காது. அதைச் சுற்றிச் சுற்றிப் பந்தாக்கச் சொல்லுங்க. ஜன்னலில் பட்டாலும் உடையாது, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வர மாட்டார். மிச்சத் துணியை நடுவில் முடிந்து தலை, கை, கால் பிரித்தால் பொம்மை, அதில் கண்ணுக்குப் பட்டன் தைக்காமல் பேனாவால் வரைந்துவிடுங்க. நீளக் கயிறை மட்டும் சின்னவளிடம் தனியாக விட வேண்டாம், கழுத்தில் மாட்டிக்கொள்வாள்.

நூல் சுற்றி வரும் காலி அட்டைக் கோன் கம்பெனிக்காரர்களிடம் கேட்டால் சும்மாவே தருவாங்க. அடுக்கினால் கோபுரம், ஊதினால் ஒலிபெருக்கி, வரிசையாக நிறுத்திப் பனியன் பந்தால் அடித்தால் அதுவே ஒரு விளையாட்டு.

திருப்பூர் அம்மிணி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பந்து நேற்றே ஆச்சு, இரண்டு பேரும் தூங்கும்போதுகூடக் கீழே வைக்கவில்லை. தெருமுனைப் பூவரசில் இலை பறித்துப் பீப்பியும் செய்தோம். அண்ணனுக்குச் சத்தம் வருகிறது, சின்னவளுக்கு வரவில்லை, ஒரே அழுகை. டீச்சர், நானே சுருட்டிக் கொடுத்துவிடலாமா?

கோபி டீச்சர்:

வேண்டாம் அம்மிணி. இலை பெரிசாக இருக்கும், அவள் கைக்கு இறுக்கமாகச் சுருட்ட வராது. உள்ளங்கை அளவுக்குக் குறைவான தளிரிலையாகப் பறித்து, காம்பைக் கிள்ளிவிட்டுக் கொடுங்க, பழுத்த இலை ஆகாது. நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்கென்று ஒன்று மெதுவாகச் சுருட்டுங்க, பார்த்துச் செய்வாள். பிள்ளைங்க பெரும்பாலும் முனையைப் பல்லால் கடித்து ஓட்டையை அடைத்துவிடுவார்கள். உதட்டால் மட்டும் பிடித்து மெல்ல ஊதச் சொல்லிப் பாருங்க. இலையைக் கழுவிவிட்டுக் கொடுக்க மறக்காதீங்க, தெருமரம் வேறு.