லௌதாரே: புகழும் வினையோடு எங்கள் அனுபவங்கள்

இலத்தீன் கற்கத் தொடங்கிய புதிதில், முதல் வகை வினைகளுக்கு எடுத்துக்காட்டாக லௌதோ, லௌதாரே, லௌதாவீ, லௌதாதும் என்று மனப்பாடம் செய்தபோது, ‘புகழ்தல்’ என்ற ஒரே பொருளை ஏட்டில் எழுதிக்கொண்டு அச்சொல் கைவசமாகிவிட்டதாக நினைத்திருந்தேன். 2ஆம் நூற்றாண்டு உரோமை எழுத்தாளரான ஔலுஸ் கெல்லியுஸைப் படித்தபோது அந்த நினைப்பு கலைந்தது. பழைய வழக்கில் இவ்வினைக்குப் ‘பெயர் சொல்லுதல்’ என்றும் பொருள் உண்டு என்கிறார் அவர். உரோமைக் கவிஞர் வெர்கில் தம் கவிதையில் பூசிரிஸ் என்னும் கொடிய அரசனை ‘இல்லௌதாதுஸ்’ என்கிறார். நான் அதைப் ‘புகழப்படாதவன்’ என்று மொழிபெயர்த்து, இவ்வளவு கொடியவனுக்கு இத்தனை மென்மையான அடைமொழியா என்று வியந்திருந்தேன். பெயரைக்கூட வாயால் சொல்லத் தகாதவன் என்றும் கொள்ளலாம் என்று கெல்லியுஸ் விளக்கி, எபேசு நகரத்துத் தியானா கோயிலைக் கொளுத்தியவன் பெயரை எவரும் உச்சரிக்கக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டதை ஒப்புமையாகக் காட்டுகிறார். அன்றே என் ஏட்டைத் திருத்தினேன்.

*

மேலே எழுதிய அன்பருக்கு நன்றி. என்னைத் தடுமாற வைத்தது இதன் வேறொரு வடிவமான ‘லௌதாந்தும்’, அதாவது ‘புகழப்பட வேண்டியவர்’. கி.மு. 43இல், பின்னாளில் அகுஸ்துஸ் என்ற உரோமைப் பேரரசனான இளைஞன் ஒக்டாவியனைக் குறித்து, ‘லௌதாந்தும், ஓர்நாந்தும், தொல்லெந்தும்’ என்று உரோமை அரசியலாளரும் பேச்சாளருமான சிசரோ சொன்னதாக ஒரு பேச்சு உலவியது. அது அந்த இளைஞனின் காதுக்கும் எட்டிவிட்டது என்று படைத்தலைவர் தெசிமுஸ் புரூட்டுஸ் சிசரோவுக்கே கடிதம் எழுதினார். மூன்றாம் சொல் ‘உயர்த்த வேண்டும்’ என்றும் ‘அகற்ற வேண்டும்’ என்றும் பொருள்படும் சிலேடை. பல நாள் முயன்றும் பொருத்தமான தமிழ் அமையவில்லை. அலுவலகத்தில் ஒருவர் ‘அவரையும் தூக்கிவிட்டார்கள்’ என்று சொல்லக் கேட்ட கணத்தில் விடை கிடைத்தது: புகழ வேண்டும், சிறப்பிக்க வேண்டும், தூக்கிவிட வேண்டும். வஞ்சப்புகழ்ச்சி பயின்ற நமக்கு இதன் சுவை எளிதில் விளங்கும். சிசரோ அவ்வாண்டு டிசம்பரிலேயே கொல்லப்பட்டார்.

*

எனக்கு இவ்வினை இலக்கணம் வழியாக அறிமுகமானதன்று. இலத்தீன் திருப்பலியில் வளர்ந்த என் பாட்டி, உன்னதங்களிலே கீதத்தில் வரும் ‘லௌதாமுஸ் தே’ என்ற தொடரைப் பொருள் அறியாமலே பாடுவார். ‘உம்மைப் புகழ்கிறோம்’ என்பதுதான் அது என்றும், ‘முஸ்’ என்ற விகுதியே ‘நாங்கள்’ என்பதைக் காட்டுகிறது என்றும் நான் சொன்னபோது, “நம்ம ‘புகழ்கிறோம்’ல வர்ற ‘ஓம்’ மாதிரிதானே?” என்று உடனே கேட்டார்.