2006இல் வாங்கிய வாக்குவம் கிளீனர்: ரிப்பேர் செய்வதா, எடைக்குப் போடுவதா?

கோவைக்காரி:
வணக்கம். 2006இல் டை கட்டிய பையன் ஒருவர் வாசலில் வந்து நின்று, "வாங்கவே வேண்டாம்மா, சும்மா காட்டிவிட்டுப் போகிறேன்" என்று உள்ளே வந்து, எங்கள் மெத்தையை உறிஞ்சி வெள்ளைத் துணியில் கறுப்பு வட்டமாக விழுந்த அழுக்கைக் காட்டினாரே, அப்போது தவணையில் வாங்கிய மிஷின் இது. அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு என் மாமியார் மூன்று நாள் அந்த மெத்தையில் படுக்கவில்லை.

சில மாதங்களாக இழுவை குறைந்துகொண்டே வந்தது. சோபா இடுக்கில் கிடக்கிற முறுக்குத் தூளைக்கூட எடுப்பதில்லை. அப்புறம் பத்து நிமிடம் ஓடினால் தானாக நின்றுவிடும், அரை மணி நேரம் கழித்துப் போட்டால் ஓடும். போன வாரம் கீய்ய்ங் என்று ஒரு சத்தம், கருகல் வாடை, பின்பக்கச் சல்லடை வழியாகப் பார்த்தால் நீலமாகப் பொறி. பயந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தால், "அந்த மாடல் இப்போது இல்லை, பார்ட்ஸ் வராது, எக்ஸ்சேஞ்சில் புதுசு வாங்கிக்கோங்க" என்கிறார்கள். பக்கத்துத் தெரு மெக்கானிக் மிஷினைத் திறக்காமலே மோட்டார் போய்விட்டது, 2,200 ஆகும் என்றார். புதுசு ஆறு, ஏழாயிரம் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் பழைய இரும்புக்காரரிடம் கேட்டுப் பார்த்தாராம், 150 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறாராம். பையனுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது, வீசிங் வரும், அதனால் மிஷின் இல்லாமல் இருக்க முடியாது. என்ன செய்யலாம்?

நேரமில்லை:
இத்தனை வருடம் உழைத்தது போதாதாங்க? பொறி பறக்கிற மிஷினை வீட்டில் வைத்துக்கொண்டு ரிப்பேருக்கு 2,200 கொடுப்பதற்குப் பதிலாக இன்னும் கொஞ்சம் போட்டுப் புதுசாக வாங்கிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், நிம்மதி. பழையதைத் தயவுசெய்து குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், 2023 ஏப்ரலில் வந்த மின்கழிவு விதிகளில் வாக்குவம் கிளீனரும் உண்டு.

சீரிஸ்பல்பு:
கோவைக்காரி அக்கா, அவசரப்பட்டு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள், கடந்த ஒரு வருடத்தில் வீட்டில் பெயிண்ட் வேலை நடந்ததா? சுவருக்குப் பட்டி பார்த்துத் தேய்த்த பிறகு அந்த வெள்ளைத் தூளை இந்த மிஷினால் எடுத்தீர்களா?

கோவைக்காரி:
ஐயோ, எப்படித் தெரியும்? போன தீபாவளிக்கு முன்னால் ஹாலுக்கும் இரண்டு ரூமுக்கும் அடித்தோம். பெயிண்டர் பையன்களே மிஷினைக் கேட்டு வாங்கித் தரையெல்லாம் எடுத்தார்கள். நானும் நல்ல பையன்கள் என்று டீ போட்டுக் கொடுத்தேன்.

சீரிஸ்பல்பு:
அப்போது ஆரம்பித்ததுதான். நீங்கள் சொன்ன நாலு குறையும் தனித்தனி வியாதி இல்லை, ஒன்றிலிருந்து ஒன்று வந்தது. பட்டித் தூள் வீட்டுத் தூசி மாதிரி இல்லை, மைதாவைவிட நைசு. துணிப் பையின் நெசவுக்குள் புகுந்து அடைத்துவிடும். இந்த மாதிரி தரையில் இழுத்துப் போகிற மிஷின்களில் பெரும்பாலும் உறிஞ்சுகிற காற்றேதான் மோட்டாரையும் குளிர வைக்கிறது, அது உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். காற்று வழி அடைந்தால் இழுவையும் போகும், மோட்டாரும் கொதிக்கும். கொதித்தால் உள்ளே இருக்கிற தெர்மல் கட் ஆஃப் லைனைத் துண்டிக்கும், ஆறினால் மறுபடி விடும். உங்கள் பத்து நிமிடக் கணக்கு அதுதான்.

பையைத் தாண்டிப் போன தூள், மோட்டார் தண்டைத் தாங்குகிற பேரிங்கில் உட்காரும், கிரீஸ் காயும், கீய்ய்ங் என்று கத்தும். பேரிங் ஆடினால் மோட்டாருக்குள் சுற்றுகிற ஆர்மேச்சர் அதிரும், அதன் மேல் உரசிக் கரண்ட் கொடுக்கிற கார்பன் கட்டை ஒட்டி நிற்காமல் துள்ளும், பொறி வரும். இது மிக்சி மோட்டார் இனம்தான், நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும், அந்த வேகத்தில் மயிரிழை ஆட்டம்கூடத் தாங்காது.

செய்ய வேண்டியது இதுதான். பொறி எதனால் என்று பார்க்கிற வரை மிஷினை ஓட விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹோஸைக் கழற்றி அதற்குள் ஒரு கோலிக்குண்டை உருட்டி விடுங்கள், அந்தப் பக்கம் வந்து விழுந்தால் ஹோஸில் அடைப்பு இல்லை. (எங்கள் வீட்டு ஹோஸில் ஒருமுறை ஈர்க்குச்சி குறுக்கே மாட்டி அதன் மேல் தலைமுடி கொழுக்கட்டை மாதிரி உருண்டிருந்தது, நானும் முதலில் மோட்டாரைத்தான் சந்தேகப்பட்டேன்.) பையை எடுத்துவிட்டு மோட்டாருக்கு முன்னால் இருக்கிற ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பாருங்கள்.

அதற்கு மேல் நீங்கள் திறக்க வேண்டாம். நல்ல மிக்சி மெக்கானிக்காகப் பாருங்கள், கோவையில் மோட்டார் தெரிந்த ஆளுக்கா பஞ்சம்? அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கார்பன் எவ்வளவு மிச்சம்? விரலால் சுற்றினால் பேரிங்கில் மணல் அரைபடுகிற மாதிரி இருக்கிறதா? கம்யூட்டேட்டர், அதாவது ஆர்மேச்சரில் கார்பன் உரசுகிற செப்புப் பட்டைகள், என்ன நிறம்? டிகாஷன் நிறத்தில் வழவழப்பாக இருந்தால் ஆர்மேச்சர் பிழைத்தது. ஒரு பட்டை மட்டும் கருகிக் குழிந்திருந்தால் அங்கே காயில், அதாவது ஆர்மேச்சரில் சுற்றியிருக்கிற கம்பி, போயிருக்கிறது. அப்படியென்றால் ரிப்பேர் பேச்சே வேண்டாம், காயில் கட்டித் தருகிறேன் என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள், கையால் கட்டின ஆர்மேச்சர் இந்த வேகத்துக்கு பேலன்ஸ் ஆவது கஷ்டம்.

பேரிங்குக்கு கம்பெனி பார்ட்ஸ் தேவையே இல்லை. இந்த மோட்டார்களில் பெரும்பாலும் 608 தான் வரும், உள்ளே 8 மி.மீ., வெளியே 22 மி.மீ., பிள்ளைகள் விரலில் வைத்துச் சுற்றினார்களே ஸ்பின்னர், அதன் நடுவில் இருப்பதும் அதே அளவுதான். ஆனால் பொம்மைக்கு வருகிற மலிவான பேரிங்கைப் போடாமல், இரண்டு பக்கமும் மூடியதாக, நல்ல கம்பெனியாகப் போடச் சொல்லுங்கள். கார்பனை அளவு பார்த்து வாங்கிவிடலாம்.

பழையதே நல்லது:
பிரமாதமாகச் சொன்னீர்கள் சீரிஸ்பல்பு. எனக்கும் இதே கதை, திறக்காமலே மோட்டார் போச்சு என்றார்கள், கடைசியில் பார்த்தால் பையை ஆறு மாதமாக உதறவில்லை, அவ்வளவுதான். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ரிட்டயர்டு வாத்தியார்:
எல்லாரும் மோட்டாரைப் பற்றியே பேசுகிறீர்கள், வீசிங் வருகிற அந்தப் பையனை மறந்துவிட்டீர்கள். அம்மா, உங்கள் மிஷினில் துணிப் பை என்றால், அது பெரிய தூசியைப் பிடித்துக்கொண்டு நைசானதைப் பின்பக்கமாக ஊதிவிடும். மெத்தைத் தூசிப் பூச்சியின் எச்சம் இருக்கிறதே, அலர்ஜி கிளப்புவது அதுதான், அதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும். மிஷின் ஓடி முடித்த பிறகு ஜன்னல் வெயிலில் தூசி மிதப்பதைப் பார்த்திருப்பீர்களே. ரிப்பேர் செய்து இழுவையைக் கூட்டினால் அதையும் சேர்த்துத்தான் கூட்டுகிறீர்கள்.

வீசிங் பிள்ளைக்காக என்றே வாங்குவதானால் நைசான தூசியையும் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர், அதிலும் எச்13 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது பிடிக்கவே மிகக் கஷ்டமான அளவுத் துகளிலும் 99.95 சதவீதத்தை நிறுத்த வேண்டும் என்பது தர அளவு. வெறுமனே ஹெப்பா மாதிரி என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். கடையில் 2000 வாட் என்று காட்டினால் அதிலும் மயங்க வேண்டாம், வாட் என்பது அது குடிக்கிற கரண்ட், இழுக்கிற பலம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014இல் 1600 வாட்டுக்கு மேல் கூடாது என்றார்கள், 2017இல் அதையும் 900க்குக் கொண்டுவந்துவிட்டார்கள், அங்கேயும் வீடு சுத்தமாகத்தானே இருக்கிறது.

சீரிஸ்பல்பு:
சார் சொல்வது சரி, நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. இன்னொன்றும் விட்டுவிட்டேன். மெயின் வயரை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள், இத்தனை வருடத்து வயரில் உறை வெடித்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

கோவைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கோலிக்குண்டு வந்து விழுந்தது. ஸ்பாஞ்சை வெளியே எடுத்தால் இட்லித் தட்டில் மாவு காய்ந்து ஒட்டியிருக்கிற மாதிரி வெள்ளையாகப் பாளம், தட்டினால் துண்டு துண்டாக உடைந்தது. காந்திபுரம் பக்கம் ஒரு மிக்சி மெக்கானிக் அண்ணன், என் கண் முன்னாலேயே திறந்தார். ஒரு கார்பன் அரை விரல் அளவு இருந்தது, இன்னொன்று துவரம் பருப்புதான். பேரிங்கை என் விரலால் சுற்றிப் பார்க்கச் சொன்னார், கொரகொர என்றது. கம்யூட்டேட்டர் டிகாஷன் நிறம்தான், அவரிடம் அப்படிச் சொன்னதும் "யாருக்கா உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது?" என்று சிரித்தார். கார்பன் 120, இரண்டு பேரிங் 260, கூலி 300. மொத்தம் 680. கரண்ட் குறைவாகப் போகட்டும் என்று ஒரு பழைய குண்டு பல்பைச் சீரிஸில் போட்டு மெதுவாகச் சுற்ற விட்டுத்தான் நேர் லைன் கொடுத்தார். முதலில் லேசாகப் பொறி இருந்தது, கார்பன் படிய கொஞ்ச நேரம் ஆகும் என்றார், இப்போது இல்லை. வயர் உறை நன்றாக இருக்கிறதாம்.

வாத்தியார் சார், நீங்கள் சொன்னதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். மிச்சமான பணத்தில் மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த உறை வாங்கிவிட்டோம். பழைய மிஷின் சோபாவுக்கும் ஜன்னல் வலைக்கும் ஃபேன் இறக்கைக்கும் மட்டும், அதுவும் பையன் ஸ்கூலுக்குப் போன பிறகு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. அவன் ரூமில் ஈரத் துணிதான். ஹெப்பா மிஷின் அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார்.

வயர் மட்டும் பட்டனை அழுத்தினால் பாதிதான் உள்ளே போகிறது, ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்றார் அந்த அண்ணன். மீதியைக் கையால் சுற்றிக்கொள்கிறேன்.