பழைய விபி6 பில்லிங் புரோகிராமை எதில் மாற்றி எழுதலாம்? லாசரஸ் சரிப்படுமா?

கரூர்க்காரன்:

மாமாவுக்கு ஹார்டுவேர் கடை. 2003 வாக்கில் ஒருவர் விபி6-இல் (மைக்ரோசாஃப்டின் பழைய விஷுவல் பேசிக் 6) எழுதிக் கொடுத்த பில்லிங் புரோகிராம்தான் இன்றுவரை ஓடுகிறது, டேட்டா எல்லாம் பின்னால் ஒரு ஆக்சஸ் எம்டிபி ஃபைலில். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது அவரே வந்து அங்கங்கே ஒட்டுப்போட்டுத் தந்தார், இப்போது அவர் இந்தத் தொழிலிலேயே இல்லை. சோர்ஸ் கோட் எங்களிடம் இருக்கிறது. எக்ஸ்பி மெஷின் இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருக்கிறது, புதிதாக விண்டோஸ் 11 வாங்கியாயிற்று.

மாமா ப்ரவுசரில் ஓடுகிற எதையும் தொட மாட்டார். எஃப்2 அழுத்தினால் ஐட்டம் தேட வேண்டும், எஃப்9 அழுத்தினால் பில் வர வேண்டும், மவுஸையே தொடக்கூடாது, அவ்வளவுதான் அவர் கேட்பது. எனக்கு ஒரு ஆசை, ஐட்டம் பெயர் பில்லில் தமிழில் வர வேண்டும். இப்போது திரையில் மட்டும் பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்டில் தெரிகிறது. லைசென்ஸுக்குச் செலவழிக்க முடியாது. நான் காலேஜில் சி படித்ததோடு சரி. பாஸ்கல் மொழியில் புரோகிராம் எழுத லாசரஸ் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறதாமே, அதில் இறங்கலாமா? பாஸ்கல் செத்த மொழி என்று ஆபீஸில் சிரிக்கிறார்கள்.

கம்பைலர் கந்தசாமி:

முதலில் ஒரு விஷயம், அவசரப்படாதீர்கள். விபி6-இல் எழுதிய புரோகிராம்கள் விண்டோஸ் 11-லும் ஓடும், அவற்றை ஓட்டுகிற ரன்டைம் ஃபைல்களை மைக்ரோசாஃப்ட் இன்னும் விட்டு வைத்திருக்கிறது. எழுத உதவும் விபி6 மென்பொருளுக்குத்தான் 2008-லேயே ஆதரவு முடிந்துபோனது. புரோகிராம் பயன்படுத்துகிற ஃப்ளெக்ஸ்கிரிட் மாதிரி துணைப் பாகங்களின் ஓசிஎக்ஸ் ஃபைல்களைப் புது மெஷினில் ரிஜிஸ்டர் செய்தால் பெரும்பாலும் கடையை நாளைக்கே அதில் திறக்கலாம். அதை வைத்து ஓட்டிக்கொண்டே நிதானமாக மாற்றி எழுதுங்கள்.

இனி லாசரஸ். விபி6 பார்த்துப் பழகியவருக்கு இதைவிடப் பக்கத்தில் இலவசமாக ஒன்று கிடைப்பது கஷ்டம் என்பது என் கட்சி. ஃபார்மில் பட்டனை இழுத்துப் போடுகிறீர்கள், இரட்டைக் கிளிக் செய்தால் ஆன்கிளிக் வருகிறது, எஃப்9 அழுத்தினால் கம்பைல் ஆகி ஓடுகிறது. ஓடுவது என்றால் நிஜமான எக்ஸிக்யூட்டபிள், ரன்டைம் எதையும் தனியே நிறுவ வேண்டாம். பாஸ்கல் செத்ததா என்று கேட்டால், அடியில் இருக்கிற ஃப்ரீ பாஸ்கல் கம்பைலரை ஃப்ளோரியன் கிளாம்ஃப்ல் 1993-இல் தொடங்கினார், லாசரஸ் 1999-இலிருந்து இருக்கிறது, 4.0 வெளிவந்தது 2025-இல். டெல்ஃபி என்ற வணிகப் பாஸ்கல் மென்பொருளின் சாயலில் வளர்ந்தது என்பதால் 1995 முதல் எழுதிக் குவித்த டெல்ஃபி உதாரணங்களில் பெரும்பாலானவை கொஞ்சம் தட்டிக் கொட்டினால் இதிலும் ஓடும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், பில் வந்தால் போதாதா.

லைசென்ஸ் பயமும் வேண்டாம். ஐடிஇ, அதாவது நீங்கள் கோட் எழுதுகிற மென்பொருள், ஜிபிஎல் என்ற திறந்த மூல லைசென்ஸில் இருக்கிறது, ஆனால் உங்கள் புரோகிராமுக்குள் போய் உட்காருகிற எல்சிஎல் நூலகம் விதிவிலக்கோடு கூடிய எல்ஜிபிஎல், அது இன்னும் தளர்வானது, அதனால் உங்கள் கோடை மூடி வைத்து விற்கவும் செய்யலாம்.

ஆரம்பத்தில் எல்லோரும் அலறுகிற இரண்டை இப்போதே சொல்லிவிடுகிறேன். வெறும் ஒரு பட்டன் வைத்த புரோகிராம் இருபது எம்பிக்கு மேல்கூடப் போகலாம், அது பிழை தேட உதவும் டீபக் தகவல், பில்ட் மோடை ரிலீஸுக்கு மாற்றினால் சில எம்பிதான். அப்புறம் அந்த ஐடிஇ ஜன்னல்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடந்து எரிச்சல் கிளப்பினால் ஆங்கர்டாக்கிங் பேக்கேஜைப் போடுங்கள், ஒரே சட்டத்துக்குள் அடங்கிவிடும்.

டேட்டாவுக்கு எஸ்க்யூலைட், ஒரே ஃபைலில் அடங்கும் இலவச டேட்டாபேஸ். டேட்டா கம்பொனென்ட்களை ஒன்றோடொன்று இணைத்து டிபிகிரிட் என்ற அட்டவணையில் காட்டுவது அரை நாள் வேலை. கிரிட்டில் பெயருக்குப் பதில் மெமோ என்று அடைப்புக்குறிக்குள் காட்டினால் டேட்டாபேஸில் அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று அறிவித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், வார்ச்சார் என்று அளவோடு அறிவியுங்கள். எஸ்க்யூலைட் டிஎல்எல், புரோகிராம் இரண்டும் ஒரே பிட்டாக இருக்க வேண்டும், 32-ஐயும் 64-ஐயும் கலந்தால் லோட் ஆகவில்லை என்று அடம்பிடிக்கும்.

பாம்புப்பித்தன்:

கந்தசாமி சொல்வதில் தப்பில்லை, ஆனால் இந்த வயதில் பாஸ்கல் கற்று அதை வேறு எங்கே பயன்படுத்தப் போகிறார்? பைத்தானும் அதில் ஜன்னல்கள் வடிவமைக்கும் பைசைடு6 நூலகமும் எடுத்தால் அதே இழுத்துப் போடும் டிசைனர் உண்டு, கற்றது வேலைக்கும் உதவும், மாட்டிக்கொண்டால் உதவிக்கு ஆயிரம் பேர். விண்டோஸ் மட்டும் போதும் என்றால் மைக்ரோசாஃப்டின் இலவச விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டியில் சி ஷார்ப்பும் வின்ஃபார்ம்ஸும் இருக்கவே இருக்கிறது. டெல்ஃபிக்கும் இலவசப் பதிப்பு உண்டு, ஆனால் ஆண்டு வருமானம் 5000 டாலரைத் தாண்டக்கூடாது, ஹார்டுவேர் கடைக்கு அது ஒத்துவராது.

கம்பைலர் கந்தசாமி:

வின்ஃபார்ம்ஸ் நல்ல மாற்று, ஒத்துக்கொள்கிறேன். பைத்தானில் எழுதுவது சுகம்தான், கடைக்காரர் கையில் கொடுக்கும்போதுதான் தொல்லை. பைஇன்ஸ்டாலரில் மூட்டை கட்டினால் ஃபைல் பெருத்துவிடும், சில ஆன்டிவைரஸ் அதைத் திருடன் என்று பிடிக்கும், மாமா உங்களுக்கு போன் போடுவார். ஒரே ஃபைல், ஒரு டிஎல்எல், ஒரு டேட்டாபேஸ் என்று பென்டிரைவில் கொடுத்துவிட்டு வருகிற நிம்மதி வேறு.

வள்ளியம்மை:

தமிழ்ப் பக்கத்தை யாரும் தொடவில்லையே, பாதி வேலை அங்கேதான். நான் லாசரஸில் தமிழ் வைத்து எழுதுகிறவள்.

பழைய டேட்டாவில் இருப்பது தமிழே இல்லை. பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிவது, எம்டிபிக்குள் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் உட்கார்ந்திருக்கும். அதை யூனிகோடுக்கு மாற்றாமல் எங்கே போனாலும் வம்புதான். மாற்றும்போது நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்ற வேண்டும், ஏனென்றால் பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், யூனிகோடில் பின்னால். ‘கொ’ என்பது அங்கே கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாகக் கிடக்கும், ஒற்றை எழுத்திலிருந்து மாற்ற ஆரம்பித்தால் கொம்பு பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். எம்டிபியைப் படிக்க விண்டோஸோடு வருகிற ஓடிபிசி டிரைவர் 32 பிட் மட்டும்தான், அதனால் மாற்றும் கருவியை மட்டும் 32 பிட் லாசரஸில் எழுதுங்கள், அல்லது ஆக்சஸ் வைத்திருப்பவரிடம் கொடுத்து சிஎஸ்வியாக எடுங்கள்.

லாசரஸுக்குள் ஸ்ட்ரிங் எல்லாம் யூடிஎஃப்-8, யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் முறை. தமிழ் எழுத்துக்கு 3 பைட், அதனால் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு லெங்த் கேட்டால் 15 என்று சொல்லும். லாஸ்யூடிஎஃப்8 யூனிட்டில் இருக்கும் யூடிஎஃப்8லெங்த் 5 என்று சொல்லும், புள்ளியும் இகரக் கொக்கியும் தனிக் குறிகள் அல்லவா. நம் கணக்குப்படி அது 3 எழுத்து. ஆகவே பில்லில் இடம் பற்றாமல் பெயரை வெட்டும்போது எண்ணிக்கையை நம்பாதீர்கள், ‘எல்போ’வை நடுவில் வெட்டி ‘எல்ப’ என்று அச்சடிக்கும்.

தெர்மல் பிரிண்டருக்கு டெக்ஸ்டாக அனுப்பினால் பெரும்பாலான மெஷின்களில் தமிழ் வராது, குப்பைதான் வரும். பிரிண்டர்4லாசரஸ் பேக்கேஜைச் சேர்த்து, விண்டோஸ் டிரைவர் வழியாக அச்சுப் பக்கத்தின் கேன்வாஸில் டெக்ஸ்ட்அவுட் கொண்டு எழுதுங்கள், படமாகப் போய் அழகாக விழும். 80 மிமீ தாளில் அச்சாகும் அகலம் வழக்கமாக 72 மிமீ, 203 டிபிஐ-யில் 576 புள்ளிகள். ஸ்பேஸ் அடித்து நெடுவரிசையை நேராக்கும் பழைய வித்தை தமிழில் எடுபடாது. தொகையின் அகலத்தை டெக்ஸ்ட்விட்த் கொண்டு அளந்து வலது ஓரத்திலிருந்து கழித்து அங்கே எழுதுங்கள். பெயரையும் அப்படியே அளந்து, மீறினால் அடுத்த வரிக்கு விடுங்கள், வெட்டுகிற பிரச்சினையே வராது. ஃபான்ட் நிர்மலா யூஐ வைக்கலாம், விண்டோஸ் 8 முதல் இருக்கிறது, விண்டோஸ் 7 மெஷின் என்றால் லதா.

இன்னொன்று, லாசரஸின் கோட் எடிட்டரில் தமிழ் கொஞ்சம் பிய்ந்துபோய்த்தான் தெரியும், ஓடும்போது ஃபார்மில் சரியாக வரும், பயந்துவிடாதீர்கள்.

கரூர்க்காரன்:

வள்ளியம்மை அக்கா, அரைப்புள்ளி விஷயத்தைப் படித்ததும் எம்டிபியைத் திறந்து பார்த்தேன், அப்படியே இருக்கிறது! லாசரஸையும் நிறுவியாயிற்று, ஃபார்மில் கீபிரிவ்யூவை ட்ரூ ஆக்கியதும் எஃப்2 வேலை செய்கிறது. இப்போது ஒரு சந்தேகம். பழைய பில்களோடு ஒத்துப் பார்த்தால் சிலவற்றில் வரி ஒரு பைசா இடிக்கிறது. 12.50-க்கு 9% சிஜிஎஸ்டி பழையதில் 1.13, என்னுடையதில் 1.12.

கம்பைலர் கந்தசாமி:

சரியான எண் 1.125, நீங்கள் ரவுண்ட்டு (RoundTo) ஃபங்ஷன் வைத்து எழுதியிருப்பீர்கள். அது சரிபாதியில் நின்றால் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும், வங்கி முறை. விபி6-இன் ரவுண்டும் அதே ரகம்தான், பழையவர் ஃபார்மட் போட்டு 1.13 வாங்கியிருப்பார், சோர்ஸில் தேடிப் பாருங்கள். மேத் யூனிட்டில் இருக்கிற சிம்பிள்ரவுண்ட்டு (SimpleRoundTo) போடுங்கள், 1.13 வரும். தொகைகளை டபுள் என்ற தசம எண் வகையில் வைக்காமல் கரன்சி வகையில் வையுங்கள், உள்ளே பத்தாயிரத்தால் பெருக்கிய முழு எண்ணாக இருப்பதால் நான்கு தசம இடம் வரை பிசகாது. சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டையும் தனித்தனியே முழுமையாக்கிவிட்டுக் கூட்டுங்கள், 18%-ஐ மொத்தமாகப் போட்டுப் பாதியாகப் பிரிக்காதீர்கள்: இதே 12.50-க்கு மொத்த வரி 2.25 வரும், அதைப் பில்லில் இரண்டாகச் சமமாகப் பிரிக்க முடியாது.