மணப்பெண் உருவப்படத்துக்கு எந்த சாஃப்ட் ஃபில்டர்? 85-இல் கூந்தல் வெளுத்துப்போகிறது

காவிரிக்கரை:
வணக்கம். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை மணப்பெண்ணைத் தனியே உட்காரவைத்து எடுக்கும் உருவப்படங்கள்தான் என் தொழிலில் பெரும்பகுதி. ஃபுல் ஃப்ரேம் கேமரா. 35 மி.மீ., 85 மி.மீ. என்று இரண்டு லென்ஸ்கள், இரண்டும் எஃப்/1.8. இந்தக் காலத்து லென்ஸ்களின் கூர்மை முகத்துக்கு ஆகாது. கன்னத்தில் பவுடர் திரண்டிருப்பதுகூடத் தெரிகிறது.

நண்பரிடம் 1/4 வலுவுள்ள பிளாக் மிஸ்ட் ஃபில்டர் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். 35-இல் மேடை அலங்காரத்தோடு எடுத்த படங்கள் நன்றாக வந்தன. அதே ஃபில்டரை 85-இல் மாட்டி, ஜன்னலுக்கு முன்னால் உட்காரவைத்து முகத்தை மட்டும் எடுத்தால் கறுப்பு என்பதே படத்தில் இல்லை. கூந்தல் வெளுத்துவிட்டது. ஆனால் குத்துவிளக்கு வெளிச்சத்தில் எடுத்த ஒரு படத்தில் வைர மூக்குத்தியைச் சுற்றி வந்த ஒளிவட்டத்தைப் பார்த்த பிறகு இந்த ஃபில்டரைக் கைவிடவும் மனம் வரவில்லை.

ஒரே ஃபில்டர் ஏன் இப்படி இரண்டு விதமாக நடந்துகொள்கிறது? கணினியில் செய்தால் இதே பலன் கிடைக்குமா? வாங்குவதென்றால் எதை வாங்குவது?

பிக்சல்பாண்டி:
காசை வீணாக்காதீர்கள். படத்தை நகலெடுத்து மேலே ஒரு லேயராக வையுங்கள், அதை நன்றாக மங்கலாக்குங்கள், ஸ்கிரீன் முறையில் முப்பது விழுக்காடு கலந்துவிடுங்கள். பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம். ஃபில்டர் போட்டு எடுத்த படத்திலிருந்து ஃபில்டரைக் கழற்ற முடியுமா?

பழையகண்ணாடி:
கழற்ற முடியாது என்பது சரி. மற்றதற்கு வருகிறேன். லென்ஸ் பழுதுபார்ப்பது என் வேலை. இந்த ஃபில்டர்களில் பலவும் என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன.

முதலில், சாஃப்ட் ஃபில்டர் படத்தை மங்கலாக்குவதில்லை. ஃபோகஸ் தவறிய படத்தில் கூர்மை எங்குமே இராது. சாஃப்ட் ஃபில்டரில் ஒளியின் பெரும்பங்கு வளையாமல் நேரே போய்க் கூர்மையான படத்தை உருவாக்கும். மீதிப் பங்கு சிறிது கோணம் விலகிப் பக்கத்தில் போய் விழும். கூர்மையான ஒரு படத்தின்மேல் பரந்து கலங்கிய இன்னொரு படம், பட்டுப்புடவைமேல் மெல்லிய மல் துணியைப் போர்த்தியதுபோல. இமை முடியை எண்ணவும் முடியும், கன்னமும் மென்மையாகத் தெரியும்.

விலகும் கோணம் ஃபில்டரைப் பொறுத்தது. அந்தக் கோணம் சென்சாரில் எவ்வளவு தூரமாக மாறும் என்பது லென்ஸின் குவியத் தூரத்தை, அதாவது அந்த 35, 85 என்ற எண்ணைப் பொறுத்தது. 35-இலிருந்து 85-க்குப் போனால் ஒளிவட்டம் ஏறக்குறைய 2.4 மடங்கு பெரிதாகும். 35-இல் 1/4 பிடித்திருந்தால் 85-இல் 1/8 போட்டாலே போதும் என்று சொல்வது இதனால்தான்.

அடுத்தது ஜன்னல். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு. ஜன்னல் முகத்தைவிட 4 ஸ்டாப் வெளிச்சம், கூந்தல் முகத்தைவிட 4 ஸ்டாப் இருட்டு என்று வையுங்கள். இரண்டுக்கும் இடையே 8 ஸ்டாப், அதாவது 256 மடங்கு. ஜன்னல் ஒளியில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் சிதறிக் கூந்தல்மேல் விழுந்தாலே அது கூந்தலின் சொந்த ஒளியைப்போல் இரண்டரை மடங்கு. கறுப்பு எங்கிருந்து மிஞ்சும்? அதே ஒரு பங்கு முகத்தில் விழும்போது அதன் ஒளியில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை, கண்ணுக்கு உறுத்தாது. குத்துவிளக்குப் படத்தில் வெளிச்சம் என்பது சிறு சிறு புள்ளிகள்தான், சுற்றிலும் இருட்டு. சிதறுவது அந்தப் புள்ளியைச் சுற்றியே நின்றுவிடும். உங்களுக்குப் பிடித்த மூக்குத்தி வட்டம் அதுதான். ஆகவே மிஸ்ட் ஃபில்டரைத் தோலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். சட்டத்துக்குள் இருக்கும் மிகப் பிரகாசமான பொருள் எது, எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

பாண்டி தம்பிக்கு: பிரச்சினை மங்கலாக்குவதில் இல்லை. 14 பிட் கேமராவில் எண்ணும் அளவு 16,383-இல் முடிந்துவிடுகிறது. வெள்ளைச் சட்டையில் பட்ட வெயிலும் அந்த எல்லையைத் தொடும், அதைவிட நூறு மடங்கு பிரகாசமான பல்பும் அதே எண்ணில் நின்றுவிடும். பிறகு கணினியில் மங்கலாக்கும்போது இரண்டும் ஒரே அளவு கசியும். ஃபில்டரோ சென்சாருக்கு முன்னால் நின்று உண்மையான ஒளியைச் சிதறவைக்கிறது. பல்புக்குப் பெரிய வட்டம், சட்டைக்குச் சிறிது என்று அதனதன் தகுதிக்கு ஏற்பக் கிடைக்கும். மேகமூட்டமான பகலில், எதுவும் வெளுத்துப்போகாத படத்தில், உங்கள் முறை ஏறக்குறைய ஃபில்டருக்கு ஈடாகும். சீரியல் செட் தொங்கும் மண்டபத்தில் ஆகாது.

பிக்சல்பாண்டி:
பல்பு வெளுக்காத அளவுக்குக் குறைத்து எடுத்துவிட்டு, கேமராவின் ரா (RAW) கோப்பில் நிழலைக் கணினியில் தூக்கினால்?

பழையகண்ணாடி:
தூக்கலாம். முகத்தில் இரைச்சலும், அந்தப் பொடிப்பொடிப் புள்ளிகளும், சேர்ந்து ஏறும். அந்தப் படத்தை மணப்பெண்ணின் தாயாரிடம் நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இனி எதை வாங்குவது என்பது. இவற்றில் வேலை செய்யும் விதம் வேறுபடும். மிஸ்ட் வகையில், உதாரணமாக டிஃபனின் பிளாக் புரோ-மிஸ்டில், கண்ணாடிக்குள் நுண்துகள்கள் இருக்கும். வெறும் வெள்ளை மிஸ்ட் நிழல்களை நன்றாகவே வெளுக்கவைக்கும்; கறுப்புத் துகள் கலந்தது அதைக் கொஞ்சம் அடக்கும். கொஞ்சம்தான், உங்கள் ஜன்னலை அதனாலும் அடக்க முடியாது.

இரண்டாவது, ஹாசல்பிளாட் கேமராக்காரர்கள் கொண்டாடிய சாஃப்டர். சைஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. I, II, III என்று மூன்று அளவுகளில் வந்தது. தட்டில் ஒழுங்கில்லாமல் தூவிய சிறு லென்ஸ் மேடுகள், இடையே வெறும் சமதளம். லென்ஸின் துளையை (அபர்ச்சர்) சுருக்கினாலும் மேடும் சமதளமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் இருப்பதால் மென்மை அதிகம் மாறாது. தோலுக்கு இதுதான் என் தேர்வு. பழையதாக வாங்கினால் வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். பழைய சாஃப்டர் அக்ரிலிக்கில் செய்தது, அழுத்தித் துடைத்தே கெடுத்திருப்பார்கள்.

இதற்கும் முந்தியது டுடோ. ஹங்கேரியைச் சேர்ந்த டுலோவிட்ஸ் யெனோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது, 1930களின் சரக்கு. கண்ணாடியில் வட்டத்துக்குள் வட்டமாகக் கீறல், நடுவில் ஒன்றும் இராது. லென்ஸைத் திறந்து வைத்தால் மென்மை, துளையைச் சுருக்கினால் நடுப்பகுதி மட்டுமே வேலை செய்து மென்மை போய்விடும். (மேசை இழுப்பறையில் ஒன்று கிடக்கிறது, விற்பதற்கில்லை.) ஃபில்டரே இல்லாமல் லென்ஸையே மென்மையாகச் செய்தவர்களும் உண்டு. ரோடன்ஸ்டாக்கின் இமாகன், பிறகு 1987-இல் கேனன் விட்ட 135 எஃப்/2.8 சாஃப்ட்ஃபோகஸ். அவை கோளப்பிறழ்ச்சியை, அதாவது லென்ஸின் விளிம்பு ஒளியும் நடு ஒளியும் ஒரே இடத்தில் குவியாத குறையை, வேண்டுமென்றே விட்டுவைத்தவை. அதன் வழியே போனால் இரவு விடிந்துவிடும், நிறுத்திக்கொள்கிறேன்.

நிலாமுற்றம்:
காலுறையை யாரும் சொல்லவில்லையே! மெல்லிய கறுப்பு நைலான் காலுறையை வளையத்தில் இழுத்துக் கட்டி லென்ஸுக்கு முன்னால் வைப்பேன். ஸ்டுடியோ படங்களுக்கு அருமையாக வரும். கறுப்பு என்பதால் நிழல் அவ்வளவாகக் கெடுவதில்லை. வெள்ளை வலை போட்டால் அதன்மேல் விளக்கு பட்டு எல்லாம் வெளுத்துவிடும். இழுக்கும் அளவை மாற்றி மென்மையைக் கூட்டலாம், குறைக்கலாம். செலவும் ஒன்றுமில்லை.

பழையகண்ணாடி:
நன்றாகவே வரும், அம்மா. இரண்டு விஷயம் மட்டும். பின்னணியில் ஃபோகஸ் இல்லாத விளக்குகள் இருந்தால் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் வலையின் கட்டம் தெரியும். மிஸ்ட் ஃபில்டரிலும் அந்த வட்டங்களில் பொட்டுப்பொட்டாகத் துகள் தெரிவதுண்டு, ஆனால் கட்டம் கண்ணில் சட்டென்று படும். திரைப்பட ஒளிப்பதிவாளர்கள் வலையை லென்ஸின் பின்பக்கம் ஒட்டுவதைப் பார்த்துச் சிலர் மிரர்லெஸ் கேமராவில் அதைச் செய்கிறார்கள். பசை நழுவி வலை ஷட்டர்மேல் விழுந்தால் அதையும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள்.

நிலாமுற்றம்:
என் பின்னணி எப்போதும் சாம்பல் நிறத் துணிதான். விளக்கு தெரிந்தால்தானே கட்டம்?

பழையகண்ணாடி:
அப்படியானால் காலுறையே போதும். நான் வாபஸ்.

காவிரிக்கரை:
ஐயா, ஜன்னல் கணக்கு இப்போதுதான் புரிந்தது. அப்படியானால் ஜன்னலைப் பின்னால் வைக்காமல் பக்கவாட்டில் வைத்துவிடுகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். சாஃப்டர் போன்ற ஒன்றைப் போட்டால் கண்ணில் ஆட்டோஃபோகஸ் சரியாக விழுமா? இரண்டு லென்ஸுக்கும் தனித்தனியாக வாங்க வேண்டுமா? என் லென்ஸ்களின் ஃபில்டர் அளவு 58, 67 மி.மீ.

பழையகண்ணாடி:
பக்கவாட்டில் வைத்தால் ஜன்னல் சட்டத்துக்கு வெளியே போய்விடும், நல்லது. ஆனால் அதன் ஒளி ஃபில்டர்மேல் நேராகப் பட்டால் சட்டத்துக்கு வெளியே இருந்தும் கெடுக்கும். ஹுட் போட முடியாவிட்டால் ஓர் ஆளிடம் கறுப்பு அட்டையைக் கொடுத்து நிழல் பிடிக்கச் சொல்லுங்கள்.

மெல்லிய ஃபில்டரில் ஆட்டோஃபோகஸ் தடுமாறாது. கனமானதில் தயங்கும். அப்போது கண்மணியில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் திருப்புங்கள். மென்மையாகத்தானே வரப்போகிறது என்று ஃபோகஸில் அசட்டையாக இருந்தால் அடியில் இருக்க வேண்டிய கூர்மையான படமே இல்லாமல் போய்விடும். கேமராவின் சிறிய திரையில் மென்மை எப்போதும் குறைவாகவே தெரியும், அதை நம்பி வலுவை ஏற்றாதீர்கள்.

ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் 1/8 பிளாக் மிஸ்ட். அது 85-க்குப் போதும், 35-இல் சும்மா இருப்பதுபோல் இருக்கும், பரவாயில்லை. தோலுக்கென்று சாஃப்டர் I கைக்குக் கிடைத்தால் விடாதீர்கள். அளவு 67-இல் வாங்கி, 58-க்கு ஒரு ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளுங்கள். அந்த வளையம் பித்தளையாக இருக்கட்டும். மலிவான அலுமினிய வளையம் திருகில் சிக்கிக்கொண்டால் அதைக் கழற்றுவதற்கும் என் கடைக்குத்தான் வர வேண்டியிருக்கும்.