அம்மம்மாவின் தேங்காய்

*20 ஒக்டோபர் 2025, இரவு. எங்கள் குடும்பக் குழு. பேஸ்போல்: சியாட்டில் மரினர்ஸ், ரொறன்ரோ புளூ ஜேஸ். வெல்பவர் இறுதிப் போட்டியான உலகத் தொடருக்கு*

சியாட்டில் மாமா: மரினர்ஸ் 3-1 முன்னிலை. இன்னும் ஒன்பது அவுட் எடுத்தால் போதும். 1977இல் தொடங்கிய அணி, ஒரு தடவைகூட உலகத் தொடருக்குப் போனதில்லை. இன்றைக்குப் போகிறது.

அண்ணா: புளூ ஜேஸும் 1977தான் மாமா. 1992, 1993 இரண்டு வருடமும் கிண்ணம் எங்களுக்கு.

சியாட்டில் மாமா: பழங்கதை. அப்போது நீ பிறக்கவேயில்லை.

நான்: ஸ்பிரிங்கர்!!! ஹோம் ரன்! மூன்று ஓட்டம்! 4-3!!!

அண்ணா: மாமா?

அண்ணா: மாமா, நீலக் குறி விழுந்துவிட்டது. பார்த்துவிட்டீர்கள்.

பெரியம்மா: அவனை விடுங்கள். முதல் இரண்டு ஆட்டத்தையும் ரொறன்ரோவுக்கே வந்து சியாட்டில் வென்றபோது இந்தக் குழுவில் ஒரு சத்தமும் இல்லை.

சியாட்டில் மாமா: உலகத் தொடரில் நான் லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ் பக்கம்.

லொஸ் ஏஞ்சல்ஸ் தம்பி: வாருங்கள் மாமா, தொப்பி அனுப்புகிறேன்.

அம்மம்மா: மகன், சாப்பிட்டுவிட்டுப் படு.

*24 ஒக்டோபர்*

நான்: உலகத் தொடரின் முதல் ஆட்டம் எங்களுக்கு, 11-4! எங்கள் பார்ஜர் மாற்று ஆட்டக்காரராக வந்து ஒரே அடியில் நான்கு ஓட்டம். உலகத் தொடரில் இப்படி யாரும் அடித்ததில்லையாம். நேற்றிரவு அணித் தோழரின் ஹோட்டல் அறையில் சோபாவில் படுத்தவர்!

அம்மம்மா: பாவம், முதுகு வலித்திருக்கும்.

சியாட்டில் மாமா: இனி எல்லோரையும் சோபாவில் படுக்கச் சொல்லுங்கள்.

*28 ஒக்டோபர், அதிகாலை 2.55*

லொஸ் ஏஞ்சல்ஸ் தம்பி: ஒன்பதில் முடிய வேண்டிய ஆட்டம், பதினெட்டாவது இன்னிங்ஸ்! எங்கள் ஃபிரீமன் ஹோம் ரன்! 6-5!

நான்: எனக்கு ஆறு மணிக்கு வேலை.

சியாட்டில் மாமா: பதினைந்தாவதிலிருந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். உங்கள் அணிக்காகத்தான். யாருக்கும் சொல்லாதீர்கள்.

அண்ணா: குழுவில் எழுதிவிட்டா?

சியாட்டில் மாமா: எங்களைத் தோற்கடித்தவர்கள் கிண்ணத்தையாவது தூக்க வேண்டாமா? இல்லாவிட்டால் எங்களுக்குத்தான் இன்னும் கேவலம்.

*29 ஒக்டோபர்*

அண்ணா: தொடரில் நாங்கள் 3-2 முன்னிலை! எங்கள் பந்து வீச்சாளர் யெசாவேஜ் பன்னிரண்டு பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். வயது 22!

அம்மம்மா: இன்னும் ஒன்று வென்றால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பேன். கடையில் குலுக்கிப் பார்த்து வாங்கியிருக்கிறேன்.

லொஸ் ஏஞ்சல்ஸ் தம்பி: அம்மம்மா, நானும் உங்கள் பேரன்தான்.

அம்மம்மா: உனக்குச் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன் ராசா.

*31 ஒக்டோபர்*

பெரியம்மா: பந்து எங்கே? சுவருக்கு அடியில் என்ன தேடுகிறார்கள்?

அண்ணா: சிக்கிவிட்டது பெரியம்மா. சுவரின் அடி மெத்தைக்கும் தரைக்கும் நடுவே ஆப்பு வைத்தது போல. நான்கு பேஸையும் சுற்றினால்தான் ஓட்டம்; அடித்த பார்ஜருக்கு இரண்டு பேஸ்தான். ஓட்டம் எடுத்தவரும் மூன்றாம் பேஸுக்குத் திரும்ப வேண்டும்.

அம்மம்மா: இது என்ன நியாயம்? கிறிக்கெட்டில் எல்லைக்குப் போனால் நான்கு.

நான்: கடைசியில் ஒரு பிடி, உடனே இரண்டாம் பேஸுக்கு எறி. பார்ஜரும் அவுட். 3-1, தோற்றோம். தொடர் 3-3.

சியாட்டில் மாமா: நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டு வருவதற்குள்!

*2 நவம்பர், நள்ளிரவு தாண்டி*

அண்ணா: ஒன்பதாவதில் இரண்டே அவுட்தான் பாக்கி. டொட்ஜர்ஸின் ரோஹாஸா ஹோம் ரன் அடிக்க வேண்டும்?

நான்: அதே இன்னிங்ஸில் எங்களுக்கு மூன்று பேஸிலும் ஆள். மூன்றாம் பேஸில் நின்ற கைனர்-ஃபலேஃபா ஓர் அடி முன்னே நின்றிருந்தால் ஓட்டம்.

சியாட்டில் மாமா: அரை அடி. நிறுத்தி நிறுத்தி ஆறு தடவை பார்த்துவிட்டேன்.

பெரியம்மா: பதினொன்றாவதில் டொட்ஜர்ஸின் ஸ்மித் ஹோம் ரன் அடித்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன். கடைசியில் என்ன?

அண்ணா: 5-4, டொட்ஜர்ஸுக்கு. டபுள் பிளே, ஒரே பந்தில் எங்கள் இரண்டு பேர் அவுட்.

பெரியம்மா: லொஸ் ஏஞ்சல்ஸ்காரர் எங்கே?

லொஸ் ஏஞ்சல்ஸ் தம்பி: இருக்கிறேன். இன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை.

சியாட்டில் மாமா: நல்ல பிள்ளை. அந்தத் தொப்பியை மட்டும் அனுப்பாதே.

அம்மம்மா: தேங்காய் அப்படியே இருக்கிறது. அடுத்த ஆட்டம் எப்போது?

நான்: மார்ச்சில், அம்மம்மா.

அம்மம்மா: அதுவரை தாங்காது. காலையில் சம்பலுக்குத் துருவுகிறேன். ஸ்காபரோவில் இருப்பவர்கள் இடியப்பத்துக்கு வாருங்கள்.

சியாட்டில் மாமா: எனக்கு?

அம்மம்மா: நீ முதலில் எந்தப் பக்கம் என்று சொல்லு.