லாரவெல் ரூட்டிங்: தமிழ்ப் பேருக்கு மட்டும் 404 வருது

குமுளிக்காரன்:
குமுளியில சித்தப்பாவுக்கு ஏலக்காய், மிளகு கடை. தேக்கடி பாக்க வர்றவங்கதான் பாதி யாவாரம். ஊருக்குப் போனப்புறமும் வாங்கணும்னு கேக்குறாங்கன்னு லாரவெல்ல (பிஹெச்பியில வெப்சைட் கட்டுற ஃப்ரேம்வொர்க்) ஒரு சைட் போட்டுக்கிட்டு இருக்கேன். லிங்க்கும் தமிழ்லயே இருக்கணும்னு சித்தப்பா ஒத்தக்கால்ல நிக்கிறாரு.

பொருள் ரூட்டுல (எந்த லிங்க்குக்கு எந்தப் பக்கம்னு சொல்ற வரி) பேருக்கு ஒரு பாராமீட்டர் வச்சு, எழுத்து மட்டும் வரலாம்னு ரெஜெக்ஸ் (எந்த மாதிரி எழுத்து வரலாம்னு சொல்ற சூத்திரம்) போட்டேன் (பேக்ஸ்லாஷ் பி, அடைப்புக்குள்ள எல்). சோதனைக்குப் போட்ட இங்கிலீஷ் பேரு திறக்குது. ஏலக்காய், மிளகு, கிராம்பு மூணும் 404, அதாவது 'பக்கம் இல்ல'. ரூட் கேஷையும் கிளியர் பண்ணியாச்சு. அப்பாச்சி (வெப் சர்வர்) மேல சந்தேகமில்ல, வர்றது லாரவெல்லோட 404 பக்கம்தான்.

கம்பம்மெட்டு:
தம்பி, 'எல்'ன்னா எழுத்து மட்டுந்தான். யூனிகோடுல நம்ம கால், கொம்பு, புள்ளி எதுவும் எழுத்து கிடையாது, அதெல்லாம் 'எம்' வகை, குறி. ஏலக்காய் கம்ப்யூட்டருக்கு 8 துண்டு: ஏ, ல, க, புள்ளி, க, கால், ய, புள்ளி. 'ஏலக' வரைக்கும் வந்து முதப் புள்ளியில முட்டி நின்னுருது. சதுர அடைப்புக்குள்ள எல், எம் ரெண்டையும் போடு, இடைக்கோடும் சேத்துக்க. நாளைக்கு மலையாளத்துல பக்கம் வச்சாலும் இதே கததான்.

குமுளிக்காரன்:
அண்ணே, திறந்துருச்சு! ஆனா இம்புட்டு நாளா ஒழுங்கா இருந்த 'விலை' பக்கம் இப்ப 404. காலையில ரேட்டு பாக்குற பக்கம் அது. சித்தப்பா ரெண்டு தடவ போன் அடிச்சுட்டாரு.

போடிநாயக்கனூர்:
விலை ரூட்டு பொருள் ரூட்டுக்குக் கீழ இருக்கும், பாருங்க. லாரவெல் மேல இருந்து பாத்துக்கிட்டே வந்து முதல்ல பொருந்துறத எடுத்துக்கும். முன்னாடி 'வி'யிலயே உங்க ரெஜெக்ஸ் தோத்துப்போய்க் கீழ இறங்குச்சு, தப்பால தப்பிச்சீங்க. இப்ப 'விலை'ங்கிற சரக்கத் தேடி டேட்டாபேஸ் டேபிளுக்குப் போகுது. பேரு மாறாத ரூட்டு எல்லாத்தையும் மேல ஏத்துங்க, பொருள் ரூட்டு கடைசி.

இன்னொண்ணு, லிங்க்க காப்பி பண்ணா தமிழ் அப்படியே வராது. துண்டுக்கு 9 வீதம் ஏலக்காய் மட்டும் 72 இடம் பிடிக்கும், பூரா சதவீதக் குறியும் நம்பருமா. சித்தப்பாட்ட முன்னாடியே சொல்லிருங்க.

குமுளிக்காரன்:
மேல தூக்கி வச்சேன், விலை வந்துருச்சு. லிங்க்க வாட்ஸப்புல பாத்துட்டு, "என்னடா இது, செக்போஸ்ட் பில் நம்பர் மாதிரி இருக்கு"ங்குறாரு.