மறு: ஸ்றிப்ட் ஸ்குறூவுக்கு ஒரு சொல் போதாது

வணக்கம்.

பழுதாகித் திருப்ப முடியாமல் போன திருகாணியை ஆங்கிலத்தில் ஸ்றிப்ட் ஸ்குறூ (stripped screw) என்கிறார்கள், அதற்குத் தமிழ்க் கலைச்சொல் எது என்ற இந்த உரையாடலை மூன்று நாளாக முல்லைத்தீவிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். "உரிந்த திருகாணி" என்று முதலில் எழுதியவர் கோபிக்க வேண்டாம், அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. தோல் உரியும், மரப்பட்டை உரியும். திருகாணியில் அப்படி ஒன்றும் நடப்பதில்லை. பழுது எங்கே என்று அது சொல்லவும் இல்லை. எனக்குப் பெரிய குறை அதுதான்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் மருமகன் நாயாற்றில், களப்பு கடலோடு சேரும் இடத்தில், கொடுவா மீனுக்குத் தூண்டில் போடுகிறவன். இங்கே பெரும்பாலும் வலை, இல்லாவிட்டால் கையில் தங்கூசி என்கிற நைலோன் நூல். இவனிடம் மட்டும் வெளிநாட்டுச் சொந்தக்காரர் ஒருவர் விட்டுப்போன, தூண்டில் நூல் சுற்றுகிற ஜப்பான் றீல் ஒன்று இருக்கிறது. அது இறுகிப்போய் உள்ளே கரகரத்தது. கிறீஸ் மாற்றுவதற்குப் பக்கத்தட்டைத் திறக்கப் பார்த்தோம். மூன்று திருகாணி வந்துவிட்டது, நாலாவது அசையவில்லை. நான் விடாமல் திருக, தலையில் இருந்த கூட்டல் அடையாளம் கரைந்து கிண்ணம் மாதிரி ஆகிவிட்டது.

றீல் திருத்துகிற கடை இங்கே எங்கே இருக்கிறது? சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்கார ஐயா றீலைக் கையில் வாங்கு முன்னமே கேட்டார்:

"தம்பி, தலை போச்சோ, புரி போச்சோ?"

"தலைதான் ஐயா. வச்சுத் திருப்பினா வழுக்கிக்கொண்டு வருது."

"அப்ப பயமில்லை. புரி இருந்தா ஆணி வரும்."

புரி என்றால் ஆணியின் உடம்பிலும் துளைக்குள்ளும் சுற்றி ஓடும் திருகு வரி. இந்த மடல் முழுக்க ஐயாவின் அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான். ஆங்கிலத்தில் இரண்டு பழுதுக்கும் ஒரே சொல். நம் ஊர்ப் பேச்சில் அது இரண்டாகவே இருக்கிறது. பிரிந்திருப்பதை நாம் ஏன் கலைச்சொல் என்ற பெயரில் ஒன்றாக்க வேண்டும்?

இரண்டும் உண்மையிலேயே வேறு வேறு பழுதுகள். தலை போனால் ஸ்குறூட்றைவருக்குப் பிடி இல்லை, ஆனால் ஆணி துளைக்குள் இறுக்கமாக நிற்கிறது. புரி போனால் தலை நன்றாக இருக்கும், ஆணியும் சுற்றும், ஆனால் இறுகவும் மாட்டாது, வெளியே வரவும் மாட்டாது. முதலாவதற்குப் பிடி உண்டாக்க வேண்டும். இரண்டாவதில் ஆணியைச் சுற்றும்போதே கீழிருந்து நெம்பித் தூக்க வேண்டும், எடுத்த பிறகு துளைக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும். ஒன்றின் வைத்தியத்தை மற்றதற்குச் செய்தால் றீலின் உடம்பு உடையும்.

ஐயா செய்ததையும் எழுதுகிறேன், சொல்லுக்கு அது உதவும். ஆணியைச் சுற்றி மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்தார். காலையில் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலைத் தலையில் ஒரு நிமிடம் ஊன்றிப் பிடித்தார். அந்த றீலின் உடம்பு அலுமினியம், ஆணி துருப்பிடிக்காத உருக்கு. உப்புத் தண்ணீர் பட்டால் இந்த இரண்டு உலோகமும் சேருமிடத்தில் அலுமினியம் அரித்து வெள்ளைத் தூளாகும், அந்தத் தூள் புரிக்குள் அடைத்து ஆணியைக் கவ்விக்கொள்ளும். சூடு பட்டால் அலுமினியம் உருக்கைவிடக் கூடுதலாக விரியும், அதில் கவ்வல் கொஞ்சம் தளரும். (பிளாஸ்ரிக் உடம்புள்ள றீலுக்கு இந்தச் சூட்டு வேலை கூடவே கூடாது.) பிறகு மோட்டார் வால்வு அரைக்கிற பசையை ஸ்குறூட்றைவர் நுனியில் தடவி, பின்பக்கம் சுத்தியலால் மெதுவாகத் தட்டி, அமத்தித் திருப்பினார். வரவில்லை. கடைசியில் ஹக்சோ பிளேட்டால் தலைக்குக் குறுக்கே ஒரு கோடு வெட்டி, தட்டை ஸ்குறூட்றைவரை வைத்துத் திருப்பத்தான் ஆணி அசைந்தது.

தலை ஏன் கரைந்தது என்பதையும் அவரே சொன்னார். நான் பாவித்தது பிலிப்ஸ் ஸ்குறூட்றைவர். அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்ற அந்த வடிவத்தில் பக்கங்கள் சரிந்திருக்கும், பலத்தோடு திருப்பினால் நுனி மேலே ஏறி வெளியே வரும். ஜப்பான் தரத்தின் கூட்டல் பார்வைக்கு அதே மாதிரி, அளவு வேறு. பிலிப்ஸ் நுனி அதன் அடிவரை போய் இருக்காது. தலையில் கூட்டலுக்குப் பக்கத்தில் சின்னப் புள்ளி ஒன்று இருந்தால் அது ஜப்பான் தரம். ஜப்பான் மோட்டார் சைக்கிளின் காபரேற்றரைக் கழற்றிப் பழகியவர்களுக்கு இது தெரிந்த விசயம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

தலைப் பழுதுக்கு நான் முன்வைப்பது "தலைமழுங்கல்". கூட்டலின் விளிம்புகள் கூர் இழப்பதுதான் அங்கே நடக்கிறது, கத்திக்கு மழுங்கல் என்று சொல்லும் அதே பொருள். எங்கள் பக்கத்தில் மழுங்கிய கத்தியை மொட்டைக்கத்தி என்போம், அதனால் "மொட்டையாணி" என்றுதான் முதலில் என் வாயில் வந்தது. ஆனால் வேறு ஊர்க்காரர் அதைத் தலையே இல்லாத ஆணி என்று எடுப்பார். ஆசையாக இருந்தாலும் விட்டுவிட்டேன்.

> புரி என்பது பழைய சொல், இழை என்றே வைத்தால் எல்லோருக்கும் புரியுமே?

இதற்கு நான் உடன்படமாட்டேன். இழை நூலில் இருப்பது, அது நேராகவும் கிடக்கலாம். முறுக்கு இருந்தால்தான் புரி. வன்னியில் வயல் செய்கிற வீட்டில் வைக்கோற்புரி என்றால் பிள்ளைக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் நுண்மானித் திருகுக் கணிச்சி (ஸ்குறூ கேஜ்) பிடித்த எல்லோரும் புரியிடைத் தூரம், அதாவது ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடைவெளி, அளந்தவர்கள்தானே? தமிழ்நாட்டு நண்பர்கள் புரியை மரை என்று சொல்வதையும் நான் மதிக்கிறேன், அங்கே எழுதும்போது "மரையறுதல்" என்று எழுதட்டும்.

ஆம், "அறுதல்". இரண்டாவது பழுதுக்கு என் சொல் "புரியறுதல்". தேய்தல் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அளவுக்கு மீறி இறுக்கும்போது புரி தேய்வதில்லை, அடியோடு வெட்டுப்பட்டுப் போகிறது. அதுவும் அலுமினியத்துக்குள் உருக்காணி என்றால் அறுவது பெரும்பாலும் துளையின் புரிதான், ஆணியினது அல்ல. ஆகவே "துளைப்புரி அறுந்தது", "ஆணிப்புரி அறுந்தது" என்று பிரித்துச் சொல்லவும் இது இடம் தருகிறது. துளைப்புரி என்றால் புது ஆணி வாங்கிப் பயனில்லை, துளையைப் பெருப்பித்துப் புதுப் புரி வெட்ட வேண்டும் அல்லது கம்பிச்சுருள் செருக வேண்டும்.

> மூலத்தில் எது என்று தெளிவாக இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வது?

நியாயமான கேள்வி. அந்த இடத்துக்கு மட்டும் "பிடிவிட்ட திருகாணி" போதும். ஒன்றில் ஸ்குறூட்றைவரின் பிடி விட்டது, மற்றதில் துளையின் பிடி விட்டது.

புரி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதைக் காட்ட "வலம்புரி ஆணி, இடம்புரி ஆணி" என்று சொல்லலாமா என ஒருவர் கேட்டிருந்தார். றீலுக்கு இது மிக அவசியம். நேரே திருகிப் பூட்டுகிற கைபிடிகளில், வலப்பக்கம் பூட்டுவதற்கும் இடப்பக்கம் பூட்டுவதற்கும் புரி எதிரெதிராக இருக்கும். திசை தெரியாமல் திருப்பினால் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்போம். சொற்கள் அழகானவைதான், ஆனால் சங்கோடு முட்டுகின்றன. கடலில் சாதாரணமாகக் கிடைக்கும் இடம்புரிச் சங்கின் சுருளும் சாதாரண ஆணியின் சுருளும் ஒரே பக்கம் சுற்றுகிறவை. அந்த ஆணிக்கு வலம்புரி என்று பெயர் வைத்தால் சங்கு குளிக்கிறவருக்கு எல்லாம் தலைகீழாகும். "வலத்திருகு, இடத்திருகு" என்று வைத்தால் சிக்கல் இல்லை.

மன்னார்ப் பக்கத்து நண்பர்கள் யாராவது இருந்தால், உங்கள் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவரிடம் கேட்டு எழுதுங்கள்: புரி போனதற்கு அங்கே என்ன சொல்கிறார்கள்?